பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா: பணம் கட்டும் முன் உங்கள் கன்சோலின் திரையைப் படிக்கும் முறை

மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகன் சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோலில் கேம் லைப்ரரியைத் திறந்து காட்டினான். சதுரம் சதுரமாகப் படங்கள். கீழே இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தன. "மாமா, இதெல்லாம் நம்முடையதுதானே?" என்று கேட்டான். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பணம் கொடுத்து வாங்கியவை ஆறு. மற்றவை எல்லாம் பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற கட்டணச் சந்தா இருக்கும் வரை மட்டும் திறக்கும் கேம்கள். அந்த ஆண்டில் அவன் உண்மையில் விளையாடியவை மொத்தம் ஏழு.

அன்றைக்கு நாங்கள் செய்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சந்தா நல்லதா கெட்டதா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் என்ற அதன் மூன்று நிலைகளில் உங்களுக்கு எது, எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று கேட்டால் பதில் உண்டு. அந்தப் பதில் விளம்பரத்தில் இல்லை, உங்கள் கன்சோலுக்குள்ளேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 இன் மெனுக்கள் தமிழில் இல்லாததால், திரையில் தெரியும் ஆங்கிலப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

சந்தா இல்லாமலே கிடைப்பவை

இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நண்பர்களோடு பார்ட்டி சாட்டில் பேசுவதற்குச் சந்தா தேவையில்லை. டிராஃபிகளை (கேமில் சாதித்ததற்குக் கிடைக்கும் பதக்கங்களை) சேர்ப்பதற்கும், கேம் அப்டேட்களை இறக்குவதற்கும், பிளேஸ்டேஷனின் இணையக் கடையில் கேம் வாங்குவதற்கும், கன்சோலில் ஓடும் கேமைக் கைப்பேசித் திரையில் ரிமோட் ப்ளே மூலம் விளையாடுவதற்கும் தேவையில்லை. ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ், ராக்கெட் லீக், ஃபால் கைஸ், கென்ஷின் இம்பாக்ட் போன்ற இலவச கேம்களை ஆன்லைனில் விளையாடவும் தேவையில்லை. வீட்டில் பிள்ளைகள் ஃபோர்ட்நைட் மட்டும் விளையாடுகிறார்கள் என்றால், "ஆன்லைன் என்றால் பணம் கட்டித்தானே ஆக வேண்டும்" என்று நினைத்துச் சந்தா கட்டும் பெற்றோர் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

பணம் கேட்பது வேறு இடத்தில். காசு கொடுத்து வாங்கிய கேமை இணையம் வழியாக மற்றவர்களோடு விளையாட வேண்டுமானால் பிளஸ் வேண்டும். ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சியில் நண்பனோடு ஒரு போட்டி ஆடுவதற்கும், ஹெல்டைவர்ஸ் 2 இல் நால்வர் அணியாக இறங்குவதற்கும் இதுதான் நிலைமை. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2010 ஜூனில் பிளஸ் தொடங்கியபோது பிளேஸ்டேஷன் 3 இல் ஆன்லைன் ஆட்டம் இலவசம். மாதந்தோறும் சில கேம்களும் தள்ளுபடிகளும் கிடைக்கும் கூடுதல் வசதியாக மட்டுமே பிளஸ் இருந்தது. 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோதுதான் ஆன்லைன் ஆட்டம் சந்தாவுக்குள் போனது. மைக்ரோசாஃப்ட் அதே வழியை 2002 நவம்பரில், எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற தன் ஆன்லைன் சேவை மூலம் முன்பே போட்டிருந்தது. கணினியில் அதே கேமை வாங்கினால் இப்படித் தனிக்கட்டணம் கேட்பதில்லை. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய கேமின் பாதியைத் திறக்க மறுபடியும் பணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய நடைமுறை அதுதான். கணக்கை அதை வைத்தே போட வேண்டும்.

முதல் படி: மணிக்கணக்கை எடுங்கள்

முகப்புத் திரையில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்துக்குப் போய் அழுத்துங்கள். வியூ ப்ரொஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் கேம்ஸ் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். நீங்கள் விளையாடிய ஒவ்வொரு கேமுக்கும் எதிரே எத்தனை மணி நேரம் விளையாடினீர்கள் என்று எழுதியிருக்கும். எனக்குத் தெரிந்து பலரும் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. சந்தா பற்றி முடிவெடுக்க இதைவிட நேர்மையான ஆவணம் வேறு கிடையாது.

ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள். முதல் பத்தியில் கேமின் பெயர், இரண்டாவதில் மணிநேரம். மூன்றாவதில் அது எப்படி வந்தது: வாங்கியதா, சந்தாவில் மாதந்தோறும் தரும் மாதக் கேமா, மேல்நிலைச் சந்தாவுக்கான கேட்டலாக் என்ற கேம் தொகுப்பில் இருந்ததா, இலவச கேமா? நான்காவதில் அதை ஆன்லைனில் விளையாடினீர்களா, தனியாகக் கதை மட்டும் விளையாடினீர்களா?

அக்கா மகன் தாளில் முதல் வரி கால்பந்து. முந்நூறு மணிக்கு மேல், முழுக்க ஆன்லைன், வாங்கிய டிஸ்க். இரண்டாவது வரி ஒரு இலவச துப்பாக்கிச் சண்டை கேம். மூன்றாவதாகத்தான் கேட்டலாகில் இருந்து ஒரு கேம் வந்தது, அதுவும் பதினெட்டு மணிநேரம். அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் இரண்டு மணி, நாற்பது நிமிடம் என்று இறக்கிப் பார்த்துவிட்டு விட்டவை. அவன் கேட்டலாகும் சேர்ந்த எக்ஸ்ட்ரா நிலையில் சந்தா வைத்திருந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஆன்லைன் ஆட்டத்துக்குப் போதுமான எசென்ஷியல் மட்டுமே என்பதை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாளைப் பார்த்ததும் அவனே சொன்னான்.

உங்கள் தாளில் கேட்டலாக் வரிகளே மேலே நின்றால் உங்களுக்கு எக்ஸ்ட்ரா பொருந்தும். வாங்கிய கேம்களைத் தனியாகவே விளையாடி முடிக்கிறவர் என்றால் சந்தாவே வேண்டாம் என்ற முடிவுகூட வரலாம். மூன்றும் சரியான முடிவுகள்தாம்.

இரண்டாம் படி: லைப்ரரியில் உள்ளவற்றைப் பிரியுங்கள்

பிளேஸ்டேஷன் 5 இன் முகப்பில் ஒன்றைக் கவனியுங்கள். கேம்களின் வரிசை தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே கடையின் சின்னம் இருக்கிறது. உங்கள் சொந்த கேம்கள் உள்ள கேம் லைப்ரரியோ வரிசையின் வலது கோடியில், கடைசிச் சதுரமாக இருக்கிறது. கடை வாசலில், அலமாரி கொல்லைப்புறத்தில். வடிவமைப்பில் எது எங்கே வைக்கப்படுகிறது என்பதற்கும் பணம் எங்கே போகிறது என்பதற்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன். அதனால் கன்சோலைத் திறந்ததும் முதலில் வலது கோடிக்குப் போகும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

லைப்ரரிக்குள் இன்ஸ்டால்டு, யுவர் கலெக்‌ஷன், பிளேஸ்டேஷன் பிளஸ் என்று பகுதிகள் இருக்கும். குழப்பம் யுவர் கலெக்‌ஷனில்தான் வரும். 'உங்கள் தொகுப்பு' என்ற பெயரின் கீழ் வாங்கியவையும் சந்தாவில் வந்தவையும் கலந்தே கிடக்கும். பிளஸ் வழியாக வந்தவற்றின் மேல் மஞ்சள் நிறக் கூட்டல் குறி ஒன்று சிறிதாகத் தெரியும். தொலைக்காட்சியில் இருந்து ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்தால் அது கண்ணில் படாது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சந்தா முடிந்தால் அந்தச் சதுரங்களில் பூட்டுச் சின்னம் வந்து உட்கார்ந்துவிடும்.

மஞ்சள் குறி உள்ள கேம்களிலும் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கேம்கள் ஒரு வகை. ஒவ்வொரு மாதமும் வழக்கமாக முதல் செவ்வாய்க்கிழமை புதியவை வரும். அந்த மாதத்துக்குள் ஆட் டு லைப்ரரி என்பதை ஒருமுறை அழுத்தினால் போதும். இறக்க வேண்டிய தேவைகூட இல்லை. அப்படிச் சேர்த்த கேம், பட்டியலில் இருந்து போன பிறகும் உங்கள் கணக்கில் நிற்கும். சந்தா இருக்கும் வரை விளையாடலாம். சந்தா நின்றால் பூட்டப்படும், ஓராண்டு கழித்து மறுபடி கட்டினால் மறுபடி திறக்கும். அழுத்த மறந்த மாதம் போனது போனதுதான்.

கேட்டலாக் கேம்கள் இரண்டாம் வகை. எக்ஸ்ட்ராவிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வருபவை. மாத நடுவில், வழக்கமாக மூன்றாவது செவ்வாயில், சில சேரும், சில வெளியேறும். நீங்கள் பாதி முடித்திருந்தாலும் வெளியேறும் நாளில் அது பூட்டப்படும். சந்தா உயிரோடு இருந்தாலும் அப்படித்தான். சோனியின் சொந்த கேம்களுக்கும் விலக்கு இல்லை: 'ஹொரைஸன் ஜீரோ டான்' 2024 மே மாதத்தில் கேட்டலாகை விட்டு வெளியேறியது. எனவே பிளேஸ்டேஷன் பிளஸ் பகுதியில் லாஸ்ட் சான்ஸ் டு ப்ளே என்ற வரிசையை மாதம் ஒருமுறை பாருங்கள். எதையாவது தொடங்கும் முன் அது அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நாற்பது மணிநேரக் கதையை, இரண்டு வாரத்தில் போகப்போகிற கேமில் தொடங்காதீர்கள்.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் அப்டேட்டில் கேம்லிஸ்ட் வந்தது. யுவர் கலெக்‌ஷனுக்குள் 15 பட்டியல்கள் வரை போடலாம். ஒவ்வொன்றிலும் 100 கேம்கள் வரை அடுக்கலாம். நான் எல்லாருக்கும் சொல்வது இரண்டே பட்டியல். ஒன்று, பணம் கொடுத்து வாங்கியவை. மற்றொன்று, கேட்டலாகில் உண்மையாகவே விளையாட நினைப்பவை. இரண்டாவது பட்டியலில் ஐந்துக்கு மேல் சேர்க்காதீர்கள். அந்த ஐந்தும் நிரம்பியிருக்கும் வரை வேறு எதையும் இறக்காமல் இருந்தால், 825 ஜிபி டிரைவில் கிடைக்கும் ஏறத்தாழ 667 ஜிபி இடமும் தப்பிக்கும், உங்கள் மாலை நேரமும் தப்பிக்கும்.

மூன்றாம் படி: நிலைகளை அளந்து பாருங்கள்

2022 இல் சோனி சந்தாவை மூன்று நிலைகளாக மாற்றியது. இந்தியாவில் அவை எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூன்றாவது நிலைக்குப் பெயர் பிரீமியம்.

எசென்ஷியல் தருவது: ஆன்லைன் ஆட்டம், மாதக் கேம்கள், கிளவுட் சேமிப்பு (கேமில் நீங்கள் எட்டிய இடத்தை இணையத்தில் காத்து வைப்பது), கடையில் உறுப்பினர் தள்ளுபடி. கால்பந்தோ சண்டை கேமோ ஆன்லைனில் விளையாடுகிறவர்களுக்கு இது போதும். மாதக் கேம்களைக் கூடுதலாக வந்த வரவாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஆனால் அவ்வப்போது பெரிய கேம் வருகிறது. பிறகு இலவசமாகிவிட்ட ஃபால் கைஸ், 2020 ஆகஸ்டில் வெளிவந்ததே மாதக் கேமாகத்தான். 2023 செப்டம்பரில் கடைக்கு வந்த ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24, 2024 மே மாதத்தில் மாதக் கேமாக வந்தது. அதற்கு முன் ஃபிஃபா 22 உம் 2022 மே மாதத்தில் அப்படியே வந்தது. கால்பந்து கேமை முழுவிலைக்கு வாங்கும் அவசரம் இல்லாதவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எக்ஸ்ட்ரா மேலே சொன்ன கேட்டலாகைச் சேர்க்கிறது. இதன் மதிப்பு, புதிய கேமுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தது. சோனி தன் பெரிய கேம்களை வெளியீட்டு நாளிலேயே கேட்டலாகில் வைப்பதில்லை. 'காட் ஆஃப் வார் ரக்னராக்' 2022 நவம்பரில் வெளிவந்தது, கேட்டலாகுக்கு வந்தது 2025 ஜனவரியில். இடைவெளி இரண்டு ஆண்டுக்கு மேல். பள்ளியில் எல்லாரும் பேசும்போது தானும் விளையாட வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது உதவாது. வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஆண்டுக்கு மூன்று நான்கு நல்ல கதைகளை நிதானமாக முடிக்க விரும்பும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இது பெரிய கொடை. சிறிய நிறுவனங்களின் கேம்கள் சில நேரம் முதல் நாளிலேயே வந்துவிடும். பூனையாக நகரத்தில் அலையும் 'ஸ்ட்ரே' 2022 ஜூலை 19 அன்று வெளியான நாளிலேயே எக்ஸ்ட்ராவில் இருந்தது. அப்போது அமெரிக்காவில் அதன் கடை விலை 29.99 டாலர், எக்ஸ்ட்ரா ஒரு மாதத்துக்கு 14.99 டாலர். சில மாலைகளில் முடிந்துவிடும் கேம் அது. அந்த ஒரு மாதம் எக்ஸ்ட்ரா கட்டி விளையாடியவர் பாதி விலையில் முடித்துவிட்டு, மீதி நாட்களில் இன்னொன்றையும் விளையாடியிருக்கலாம். எக்ஸ்ட்ராவைப் பயன்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: வேண்டியபோது ஒரு மாதம், முடித்ததும் நிறுத்தம்.

டீலக்ஸைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: பெரும்பாலோருக்கு வேண்டாம். வெளிநாட்டில் பிரீமியத்தின் முக்கிய வசதி, கேமை இறக்காமல் கிளவுட் வழியாக ஓடவிடுவது. அது இல்லாத நாடுகளுக்கு வந்ததே டீலக்ஸ். பிளேஸ்டேஷன் 3 கேம்களை அந்த ஸ்ட்ரீமிங் வழியாக மட்டுமே தருகிறார்கள். செல் என்ற அதன் விசித்திரமான செயலியை இன்றைய கன்சோலில் ஓட வைப்பது கடினம் என்பதே காரணம். எனவே அவையும் டீலக்ஸில் இல்லை. மிஞ்சுவது, முதல் பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2, பிஎஸ்பி என்ற கையடக்கக் கன்சோல் காலத்துப் பழைய கேம்கள் சிலவும், புதிய கேம்களைக் குறிப்பிட்ட நேரம் மட்டும் விளையாடிப் பார்க்கும் வசதியும். ப்ரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து விளையாடிய அந்தப் பழைய கேம்களின் மேல் உங்களுக்குப் பாசம் இருந்தால், கட்டும் முன் பட்டியலைத் திறந்து நீங்கள் தேடுவது இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் ஒரு மாதம் கட்டி விளையாடுங்கள்.

நான்காம் படி: எத்தனை மாதம் என்ற கணக்கு

கடையில் பிளஸ் பக்கத்தைத் திறந்து, ஒரு மாத விலையையும் பன்னிரண்டு மாத விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாத விலையை ஒரு மாத விலையால் வகுங்கள். வரும் எண்தான் உங்கள் எல்லைக்கோடு. ஆண்டில் அதைவிடக் குறைந்த மாதங்களே சந்தா தேவைப்படும் என்றால் மாதச் சந்தா இலாபம். அதிகம் என்றால் ஆண்டுச் சந்தா இலாபம்.

2022 இல் இந்தியாவில் மூன்று நிலைகளும் வந்தபோது எசென்ஷியல் மாதத்துக்கு 499 ரூபாய், ஆண்டுக்கு 2,999 ரூபாய். வகுத்தால் ஆறு. அதாவது ஆறு மாதத்துக்கு மேல் விளையாடினாலே ஆண்டுச் சந்தா இலாபம். பெரும்பாலோருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டுச் சந்தா என்று அப்போது சொல்லிவிட முடிந்தது. 2023 செப்டம்பரில் ஆண்டுச் சந்தாவின் விலையை உலகெங்கும் உயர்த்தினார்கள். அமெரிக்காவில் எசென்ஷியல் 59.99 டாலரில் இருந்து 79.99 ஆனது, எக்ஸ்ட்ரா 99.99 இல் இருந்து 134.99 ஆனது, பிரீமியம் 119.99 இல் இருந்து 159.99 ஆனது. எசென்ஷியலின் மாத விலை அப்போது 9.99 டாலராகவே நின்றது. பழைய கணக்கில் எல்லைக்கோடு ஆறு மாதம், புதிய கணக்கில் எட்டு. தேர்வு நேரம், ஊர்ப் பயணம், வேலை மாற்றம் என்று ஆண்டில் ஐந்தாறு மாதம் கன்சோலைத் தொடாத வீட்டுக்கு ஆண்டுச் சந்தா இப்போது நட்டம். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் 'ஆண்டுக் கணக்குதான் மலிவு' என்ற பழைய அறிவுரையையே பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விலைகள் மாறும், வகுத்தல் மாறாது. நீங்கள் கட்டும் நாளில் திரையில் தெரியும் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீடு என்றால் விடை எளிது. கோடை விடுமுறை இரண்டு மாதம், இடைவிடுமுறைகளில் ஒன்று: மூன்று மாதங்களைத் தனித்தனியாகக் கட்டினால் போதும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. ஓராண்டு எசென்ஷியல் கட்டியிருக்கிறீர்கள், நடுவில் ஒரு கேமுக்காக ஒரே ஒரு மாதம் எக்ஸ்ட்ரா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு மாதத்துக்கு மட்டும் உயர்த்த முடியாது. மீதம் இருக்கும் எல்லா நாட்களுக்கும் சேர்த்து வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். ஒன்பது மாதம் மீதி என்றால் ஒன்பது மாத வித்தியாசம். நிலையைக் குறைப்பதும் உடனே நடக்காது; அடுத்த புதுப்பிப்பு நாளில்தான் கீழ்நிலை அமலுக்கு வரும். அவ்வப்போது எக்ஸ்ட்ரா வேண்டும் என்று நினைப்பவர்கள் நீண்ட எசென்ஷியல் சந்தாவில் மாட்டிக்கொள்ளாமல், மாதச் சந்தாவாக வைத்திருப்பது வசதி.

தள்ளுபடி பற்றி ஒரு சொல். மே மாத இறுதியை ஒட்டி வரும் டேஸ் ஆஃப் ப்ளே விற்பனையிலும், நவம்பர் இறுதியில் வரும் பிளாக் ஃபிரைடே விற்பனையிலும் பன்னிரண்டு மாதச் சந்தாவுக்கு விலை குறைப்பது வழக்கம். பெரும்பாலும் அது சந்தா இல்லாதவர்களுக்கும், நிலையை உயர்த்துகிறவர்களுக்கும் கிடைக்கும். அதனால் ஆண்டுச் சந்தா அக்டோபரில் முடியும்படி அமைந்தால், நவம்பர் வரை பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஐந்தாம் படி: பணம் கட்டுவதும் நிறுத்துவதும்

சந்தா எடுத்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் கட்டிய காலம் முழுவதும் சந்தா நடக்கும், ஒரு நாள்கூடக் குறையாது. செட்டிங்ஸ், அதில் யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதில் அக்கவுண்ட், அதில் பேமெண்ட் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதில் பிளேஸ்டேஷன் பிளஸ், கடைசியில் டர்ன் ஆஃப் ஆட்டோ ரினியூ. எண்ணிப் பாருங்கள், ஏழு இடம். சந்தா எடுக்க இவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது; கார்டில் இருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணிநேரத்துக்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

கார்டே கொடுக்க விருப்பமில்லை என்றால் பிளேஸ்டேஷன் கடைக்கான வாலட் கிஃப்ட் கார்டு வாங்கி அந்தத் தொகையை மட்டும் கணக்கில் ஏற்றலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுவே நல்ல வழி. ஆனால் கிஃப்ட் கார்டின் நாடும் உங்கள் கணக்கின் நாடும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்கைத் தொடங்கும்போது கொடுத்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் அங்கிருந்து பிறந்தநாள் பரிசாக வாங்கி அனுப்பும் கார்டு, இந்தியக் கணக்கில் ஏறாது. வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்களுக்கும் இதே சிக்கல்: வாங்கிய கேம்கள் எல்லாம் பழைய நாட்டுக் கணக்கில் இருக்கும்.

வீட்டில் பலர் விளையாடினால்

இங்கேதான் சந்தாவின் மதிப்பு உண்மையாகவே கூடுகிறது. செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதர், கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே என்பதற்குப் போய் எனேபிள் செய்யுங்கள். சந்தா கட்டியவரின் கணக்கில் நுழைந்து இதைச் செய்ய வேண்டும். அதன்பின் அந்தக் கன்சோலில் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கும் அண்ணன், தங்கை, அப்பா எல்லாருக்கும் ஆன்லைன் ஆட்டமும் சந்தா கேம்களும் திறக்கும். மூன்று பேருக்கு மூன்று சந்தா கட்டும் வீடுகள் இருக்கின்றன, ஒன்று போதும். ஒரு கணக்குக்கு ஒரு பிளேஸ்டேஷன் 5 இல் மட்டுமே இதை இயக்கி வைக்க முடியும்.

ஆளுக்கொரு கணக்கு வைப்பது இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது: மணிக்கணக்கு யாருடையது என்று தெளிவாகத் தெரியும். பிள்ளைகளின் கணக்கைக் குடும்பக் கணக்கின் கீழ் கொண்டுவந்து, மாதச் செலவு வரம்பையும் வைத்துவிடுங்கள்.

மற்ற கன்சோல்கள்

நிண்டெண்டோவின் சந்தா 2018 செப்டம்பரில் ஆண்டுக்கு 19.99 டாலருக்குத் தொடங்கியது. எட்டுக் கணக்குகள் வரை சேரும் குடும்பச் சந்தா 34.99 டாலர். அதன் ஸ்விட்ச் கன்சோலின் முகப்புத் திரை மிக எளிமையானது, வாங்கிய கேம் கண்முன் நிற்கும். ஆனால் 'ஸ்ப்ளட்டூன் 2' போன்ற சில கேம்களின் சேமிப்பைக் கிளவுடுக்கு அனுப்ப முடியாது.

எக்ஸ்பாக்ஸில் நிலைமை வேறு. கேம் பாஸ் அல்டிமேட் என்ற அதன் மேல்நிலைச் சந்தாவில் மைக்ரோசாஃப்டின் சொந்த கேம்கள் பல முதல் நாளிலேயே வரும், அதற்கேற்ற விலையும் உண்டு: 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரில் இருந்து 29.99 டாலராக உயர்ந்தது. மேலே சொன்ன தாளும் வகுத்தலும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

கடைசி வாரத்தில் செய்ய வேண்டியது

சந்தாவை நிறுத்த முடிவெடுத்துவிட்டால், முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறியுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு மூன்று வேலைகள் இருக்கின்றன.

கேட்டலாகில் பாதியில் நிற்கும் கேமை முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது, ஆனால் பிடித்திருக்கிறது என்றால், சந்தா இருக்கும்போதே உறுப்பினர் தள்ளுபடி ஏதும் உண்டா என்று கடையில் பார்த்து வாங்கலாம். தள்ளுபடியில் வாங்கிய கேம் சந்தா போனாலும் உங்களுடையதுதான். விட்ட இடத்தில் இருந்தே தொடரும். அந்த மாதத்து மாதக் கேம்களை, இப்போது வேண்டாம் என்று தோன்றினாலும், லைப்ரரியில் சேர்த்துவிடுங்கள். மறுபடி எப்போதாவது ஒரு மாதம் கட்டினால் திறக்கும்.

மூன்றாவது, சேமிப்புகள். இதில் அவசரப்படாதீர்கள். பிளேஸ்டேஷன் 4 கேம்களின் சேமிப்பைப் பென் டிரைவில் எடுக்கலாம். பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு அந்த வழி இல்லை. கன்சோல் முழுவதையும் சேர்த்துக் காப்பு எடுக்கலாமே தவிர, ஒரு கேமின் சேமிப்பை மட்டும் தனியாக எடுக்க முடியாது. கிளவுடுக்கு அனுப்பவோ சந்தா வேண்டும். நூறு மணிநேரம் ஆடிய கேமின் ஒரே பிரதி, டிவி அருகில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கும். செட்டிங்ஸில் சேவ்டு டேட்டா அண்ட் கேம் ஆப் செட்டிங்ஸ், அதில் சேவ்டு டேட்டா பிஎஸ்5, அதில் சிங்க் சேவ்டு டேட்டா. சந்தா முடியும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, உங்களுக்கு முக்கியமான கேம்கள் ஒவ்வொன்றும் கிளவுடில் ஏறிவிட்டனவா என்று பெயர் பெயராகச் சரிபாருங்கள். அக்கா மகன் தன் முந்நூறு மணிநேரக் கால்பந்து அணியின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, தேதி சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்த பிறகே கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.